படத்துக்குப் பின்னால் எழுதியவள்

கண்டக்டருக்கு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்தால் தாடை வலி வந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். முழங்கால் தேய்ந்து அந்த வேலையை விட்ட பிறகு டீச்சரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். டீச்சர் ஒரு காலத்தில் கணக்கு டீச்சர்; இப்போது சலவைக்கடை மாடியில் ஒற்றை அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். பெயர்ப் பலகையில் இருக்கும் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவர் டீச்சர், இவர் கண்டக்டர், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை மாடிப்படியில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கோல், தோளில் மடிக்கணினிப் பை. கண்டக்டர் எழுந்து போய்க் கைகொடுத்து உள்ளே கூட்டி வந்து, பதினைந்து படி ஏறி வந்திருக்கிறீர்கள், முதலில் உட்காருங்கள் என்றார். பதினாறு என்றார் வந்தவர். நாலு வருஷமாகத் தினமும் ஏறி இறங்கும் படிகளைக் கண்டக்டர் அன்று மத்தியானம்தான் முதல்முறையாக எண்ணிப் பார்த்தார். பதினாறுதான்.

வந்தவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒலிப்பதிவுகளைக் காதில் கேட்டுக் கணினியில் எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவர் தொழில். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒரே ஒரு அக்கா. மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் வேறு ஊரில் இருக்கிறாள். விரல் மடங்காதவர்கள், மணிக்கட்டு திரும்பாதவர்கள் எல்லாருக்கும் பயிற்சி கொடுத்துக் கையைக் கையாக்கி அனுப்புவது அவள் வேலை. ஒற்றை ஆள் தொழில். வீட்டின் முன்னறையே சிகிச்சை அறை. வைத்தியமும் அவள்தான், கதவு திறப்பதும் அவள்தான், தரை துடைப்பதும் அவள்தான். விளம்பரத்துக்கு ஆள் வைக்க வழியில்லாததால் ஒரு வலைத்தளம் வைத்து, புதன்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு ஒரு கட்டுரை போடுவாள். பூட்டைத் திறக்கும்போது எந்த விரல் என்ன செய்கிறது என்பதுபோல எளிய விஷயங்கள். அதைப் படித்துவிட்டுத் தேடி வருகிறவர்கள்தான் அவளுடைய நோயாளிகளில் பாதிப் பேர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் தம்பியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதிவிட்டாள். சின்ன வயதில் அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு பொருளாகத் தொட வைத்ததில்தான் கை என்றால் என்ன என்று தனக்குத் தெரிந்தது என்று எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை. நிறையப் பேர் படித்தார்கள். அவரைக் கேட்காமல் எழுதியதுதான் தப்பு. தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பஸ் ஏறிப் போய், நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே, என் கண்ணை வித்துத்தான் நீ பிழைக்கணுமா என்று கேட்டுவிட்டார். அன்று மாலையே அவள் அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டாள். பேச்சும் அன்றோடு நின்றது.

"பேச்சுதான் நின்னுச்சு," என்றார் தட்டச்சுக்காரர். "படம் நிக்கலை."

என்ன படம் என்று கேட்டார் டீச்சர். அவர் மடிக்கணினியைத் திறந்து விளக்கினார். திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் வாசிக்கும் குரல் ஒன்று அதில் இருக்கிறது. எழுத்தை வாசிக்கும், படம் வந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் படத்தைத் தளத்தில் ஏற்றுகிறவர், அதற்கென்று இருக்கும் கட்டத்தில் இந்தப் படத்தில் இன்னது இருக்கிறது என்று நாலு வார்த்தை எழுதி வைத்தால், குரல் அதை வாசித்துக் காட்டும். கண் தெரிந்தவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். பின்னால் சொற்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அக்கா ஒரு படத்துக்குக்கூட எழுதாமல் விட்டதில்லை. சண்டை போட்ட பிறகும் விடவில்லை. சொல்லிவிட்டு, ஒரு பழைய கட்டுரையின் ஒலிப்பதிவை ஓடவிட்டார். தொழில் பழக்கத்தில் புதன்கிழமை வாசிப்பையெல்லாம் பதிந்து வைத்திருந்தார்.

இயந்திரக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தது: "படம். மேசை மேல் ஒரு கை. ஐந்து விரலும் விரிந்திருக்கின்றன. பக்கத்தில் ஜன்னல், காலை வெயில். ஸ்டூலை நடுவில் போட்டிருக்கிறேன். நீ வந்திருந்தால் இடித்துக்கொண்டிருப்பாய், எருமை."

கண்டக்டர் சிரித்துவிட்டார். ஊர் முழுக்கப் படிக்கிற இடத்தில் ஒரே ஒருத்தனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி திட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும் என்றார். தட்டச்சுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரமே வடிந்துவிட்டது.

பதினொரு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தளத்தில் இருக்கும் தொடர்புப் படிவத்தின் வழியாக அவர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். உடனே பதில் வந்தது: 'உங்கள் செய்தி கிடைத்தது. இரண்டு நாட்களில் பதில் எழுதுகிறேன்.' அது எல்லாருக்கும் தானாகப் போகும் பதில் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் காத்திருந்தார். இரண்டு வாரம் காத்திருந்தார். பதில் வரவில்லை. எழுதிய மறுநாள் வந்த புதன்கிழமைக் கட்டுரையிலிருந்து படங்களுக்குப் பின்னால் இருந்த சொற்களும் நின்றுவிட்டன. கட்டுரை மட்டும் ஏழு மணிக்கு டாணென்று வருகிறது. படம் வரும் இடத்தில் குரல் கேமரா போட்ட எண்ணை வாசிக்கிறது, அவ்வளவுதான்.

"திட்டின வரைக்கும் எழுதினா. மன்னிப்புக் கேட்டதும் நிறுத்திட்டா. ஏன்னு எனக்குத் தெரியணும்," என்றார்.

நேரில் போய்க் கேட்டால் என்ன என்றார் டீச்சர்.

"போய்க் கதவைத் தட்டுவேன். அவ திறந்துட்டு, என்னைப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம நின்னான்னு வைங்க. அவ நிக்கிறதே எனக்குத் தெரியாதே டீச்சர்."



டீச்சர் பதினொரு வாரப் பதிவுகளையும் கேட்டுப் படங்களின் எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார். கட்டுரைகளின் நடை அக்காவுடையதுதானா என்று கேட்டார். அதில் சந்தேகமே இல்லை என்றார் தட்டச்சுக்காரர்; 'விரலுக்கும் வெட்கம் உண்டு' என்றெல்லாம் வேறு யாரும் எழுத மாட்டார்கள். எழுத்து அவளுடையது, மௌனம்தான் யாருடையது என்று தெரியவில்லை என்றார். டீச்சர் பென்சிலால் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இந்த 0412 மட்டும் எந்தக் கட்டுரைக்குள்ளயும் வரலையே. தளத்தோட உச்சியில, எல்லாத்துக்கும் மேல இருந்திருக்கு. அந்த முதல் புதன்கிழமை சாயங்காலம் நீங்க மறுபடி திறந்தப்ப இருந்திருக்கு. அப்புறம் ரெண்டு வாரம் இருந்துட்டுக் காணாமப் போயிடுச்சு. அது என்ன?"

அவருக்கு எப்படித் தெரியும்? ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

*

அவர் போனதும் கண்டக்டர் தீர்ப்பு வழங்கிவிட்டார். புருஷன்தான். மனைவியைத் தீர்த்துவிட்டு, தொழில் படுத்துவிடாமல் இருக்க அவளைப்போலவே எழுதிக்கொண்டிருக்கிறான். கட்டுரை எழுதத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்று இருப்பது தெரியாமல் போய்விட்டது. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்றால், கண் தெரியாத தம்பிதான் பெரியவன். வழக்கு முடிந்தது, டீ சொல்லட்டுமா?

டீயை மட்டும் சொல்லுங்கள் என்றார் டீச்சர். கணினியில் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பின்னணி, கண்ணை உறுத்தாத எழுத்து, தேவையில்லாமல் எதுவும் துள்ளிக் குதிக்காத பக்கம். கட்டுரைகளுக்குக் கீழே கருத்து எழுதும் இடத்தை மூடி வைத்திருந்தார்கள். கண்ட குப்பையும் வந்து விழுகிறது என்று ஒரு குறிப்பு. யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள், அதில் துப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போயிற்று. ஆனால் நேற்றைய கட்டுரையின் கடைசிப் பத்தியில் டீச்சரின் விரல் நின்றது. 'வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் ஊர் நூலக மாடியில் விரல் பயிற்சி நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம்.'

கதவைத் தட்டவே வேண்டாம், ஆளே பொது இடத்துக்கு வருகிறாள் என்றார் டீச்சர். கண்டக்டர் உடனே எந்தப் பேருந்து, எங்கே மாறுவது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பது வரை ஒப்பித்துவிட்டார்.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இருவரும் அந்த நூலகத்தின் முன்னால் நின்றார்கள். கீழே செய்தித்தாள் படிக்கும் கூடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். மாடிப்படியின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது: மேல்தளக் கூரை மராமத்து, மறு அறிவிப்பு வரும் வரை மாடி மூடப்பட்டிருக்கும். அட்டையில் இருந்த தேதியிலிருந்து ஏழு வாரம் ஓடியிருந்தது. அண்ணாந்து பார்த்தால் மாடிக்குக் கூரையே இல்லை.

படியடியில் வலது கையில் கட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். தச்சர், இழைப்புளி நழுவி மூன்று விரலில் நரம்பு அறுந்துபோனதாம். தளத்தில் படித்துவிட்டு வேற்றூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்று, நீங்கதானேம்மா அது என்று கேட்டார். இல்லை என்று சொல்ல டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது. பதினொரு மணி வரை காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. தச்சர் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, ஏதாவது அவசரம் வந்திருக்கும், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நடக்காத கூட்டத்துக்கு ஆள் கூட்டுறாங்க. இது என்ன பிழைப்பு?" என்றார் கண்டக்டர்.

டீச்சர் அட்டையின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதே ஊரில் இருக்கிற ஒருத்தி, ஏழு வாரமாக மூடிக் கிடக்கும் மாடிக்கு இந்தப் புதன்கிழமை ஆட்களை அழைப்பாளா? அழைக்க மாட்டாள். அப்படியானால் இந்தப் புதன்கிழமை அவள் அழைக்கவில்லை. அந்த வரியை எழுதியபோது கூரை இருந்திருக்கிறது. தனியாகத் தொழில் செய்கிறவர்கள் வாரா வாரம் உட்கார்ந்து எழுத முடியாது. நேரம் கிடைக்கும்போது மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு எழுதி, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் வெளியாகட்டும் என்று தளத்திடம் சொல்லி வைத்துவிடுவார்கள். அதுதான் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஏழு மணி.

"அப்ப புருஷன் எழுதலை," என்றார் கண்டக்டர்.

"யாருமே எழுதலை," என்றார் டீச்சர்.

கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதி வைத்தது வந்துகொண்டிருக்கிறது. அன்றன்றைக்கு எழுத வேண்டியது மட்டும்தான் வரவில்லை. அவர் அதற்குமேல் கணக்குப் போட விரும்பவில்லை.

*

தளத்தில் முகவரி இருந்தது. இரண்டு தெரு தள்ளி, மாடியில்லாத வீடு. முன்னறை ஜன்னலில் பாதித் திரை. கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர். கடைகளுக்குப் பெயர்ப் பலகையும் விளம்பரத் தட்டிகளும் வடிவமைப்பது அவர் தொழில். மூன்று நாள் தாடி. டீச்சர் தம்பியின் பேச்சை எடுத்ததுமே அவர் முகம் இறுகிவிட்டது.

"அவன் அனுப்பினானா? சாவுக்கு வராதவனுக்கு இப்ப என்ன அக்கறை?"

அவ்வளவுதான். தேடி வந்த விடை வாசலிலேயே கிடைத்துவிட்டது.

பதினொரு வாரத்துக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம், இந்த முன்னறையில் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோதே அக்காவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. வடிவமைப்பாளர் உட்காரச் சொல்லவில்லை, தானும் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார். அன்று மாலை மச்சினனுக்கு இரண்டு முறை போன் செய்தாராம். இரண்டு முறையும் அவன் துண்டித்தானாம். மறுநாள் காலை மரண அறிவிப்பைச் செய்து தளத்தின் உச்சியில் போட்டார். அவன் போனுக்கும் அதையே அனுப்பினார். மற்ற நாள் எப்படியோ, புதன்கிழமை அவன் தளத்தைத் திறக்காமல் இருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அடக்கத்தை வியாழக்கிழமை சாயங்காலம் வரை தள்ளிப் போட்டுக் காத்திருந்தார். ஊரே பார்த்துவிட்டு வந்தது. அவன் வரவில்லை.

"அறிவிப்பைச் செய்தேன்னு சொன்னீங்களே. எழுதினீங்களா, செஞ்சீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

வடிவமைப்பாளருக்குக் கேள்வி புரியவில்லை. மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்து காட்டினார். நேர்த்தியான வேலை. கறுப்புக் கரை, நடுவில் அவள் புகைப்படம், கீழே பெயர், தேதி, அடக்கம் நடக்கும் இடம், நேரம். கோப்புக்கு அந்தப் புகைப்படத்தின் எண்ணையே விட்டிருந்தார். அவருடைய தொழிலில் செய்தி என்றால் படம்தான். எழுத்தையும் படமாகவே செய்து பழகிய கை.

டீச்சர் கண்டக்டரைப் பார்த்தார். தட்டச்சுக்காரர் வியாழக்கிழமை சொல்லித் தந்திருந்த விசைகளைக் கண்டக்டர் தேடித் தேடி அழுத்தினார். கணினிக்குள் இருந்த குரல் விழித்துக்கொண்டது. டீச்சர், உங்கள் அறிவிப்பை அது வாசிக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றார். வடிவமைப்பாளர் கண்ணை மூடவில்லை. ஆனால் கேட்டார்.

"படம். பூஜ்யம் நான்கு ஒன்று இரண்டு," என்றது குரல்.

அதற்குமேல் அது எதுவும் சொல்லவில்லை. கண்டக்டர் மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே.

வடிவமைப்பாளர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். படம் ஏற்றும்போது அந்தக் கட்டம் வரும், ஆமாம், அதை எப்போதும் காலியாக விட்டுவிடுவேன் என்றார். அவள் அதில் எழுதுவாள் என்றே அவருக்குத் தெரியாது. கட்டுரைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதித் தேதி போட்டு வைத்துவிடுவாள். ஆனால் புதன்கிழமை மட்டும் ஆறரைக்கே எழுந்து இங்கே வந்து உட்காருவாள். ஏதோ தட்டுவாள். சில நாள் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

"பிழை பார்க்கிறான்னு நினைச்சேன்," என்றார்.

பிறகு, அறிவிப்பை ஏன் எடுத்தீர்கள் என்று டீச்சர் கேட்டபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது மேல இருந்தா அவ செத்துட்டா. எடுத்துட்டா புதன்கிழமை புதன்கிழமை வர்றா. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. அதுக்கப்புறம் வெறும் புதன்கிழமைதான்."

நூலகப் படியில் உட்கார்ந்திருந்த தச்சரைப் பற்றி டீச்சர் சொன்னார். கடிந்துகொள்ளவில்லை, சொல்ல வேண்டியிருந்ததால் சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒன்று மிச்சம் இருந்தது. அக்காவின் அஞ்சல் பெட்டியைப் பார்க்கலாமா என்று டீச்சர் அனுமதி கேட்டார். அவளுக்கு வந்த கடிதத்தை நான் பிரித்ததே இல்லை, நீங்களே பாருங்கள் என்று எழுந்து போய்விட்டார் வடிவமைப்பாளர். பெட்டியில் நூற்றுக்கணக்கில் பிரிக்காத அஞ்சல்கள். கீழே, கீழே போனதும் தம்பியின் மன்னிப்பு கிடைத்தது. வந்த நேரம் செவ்வாய் மாலை எட்டு மணி பத்து நிமிடம். அவள் மத்தியானமே போய்விட்டாள். உங்கள் செய்தி கிடைத்தது என்று தளம் பதில் அனுப்பியபோது செய்தியைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை.

கண்டக்டர் டீச்சரின் காதருகே வந்து, படித்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்றார். யாருக்கு நஷ்டம்? ஒரு பொய், ஒரு மனுஷன் நிம்மதியாகத் தூங்கட்டும். டீச்சர் தட்டச்சுக்காரருக்குப் போன் போட்டு, புறப்பட்டு வரச் சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை.

*

மத்தியானம் மூன்று மணிக்குப் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் அவரை இறக்கிக் கூட்டி வந்தார். வழி நெடுகச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. இது மேடு, இது பள்ளம், இங்கே ஒருத்தன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறான். ஒன்றும் வாயில் வரவில்லை. ஒரு தெரு கடந்ததும் தட்டச்சுக்காரர் நின்றுவிட்டார்.

"கண்டக்டர் சார், நீங்க பேசாம வர்றீங்களே," என்றார். கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "எப்ப?"

கண்டக்டர் சொன்னார். நடுத்தெருவில் நின்றபடி, தேதியிலிருந்து ஆரம்பித்து அந்த 0412 வரை சொன்னார். தட்டச்சுக்காரர் அழவில்லை. மாமா போன் செய்தது வாஸ்தவம்தான், திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று துண்டித்தேன் என்றார். அப்புறம், ஒருவேளை அக்கா சொல்லித்தான் கூப்பிட்டாரோ என்று மனசு கேட்காமல் அன்று மாலையே மன்னிப்புக் கேட்டு எழுதினாராம். மறுநாள் போனில் வந்ததும் வாஸ்தவம். ஒரு படம் வந்திருப்பதாகப் போன் சொன்னது. குருடனுக்குப் படம் அனுப்பிக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து அழித்துவிட்டார். இதையெல்லாம் வியாழக்கிழமை டீச்சரிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

வீட்டு வாசலில் வடிவமைப்பாளர் நின்றிருந்தார். அவர் மச்சினனின் கையைப் பிடித்து அந்த முன்னறையில் உட்கார வைத்தார்.

"நான் எழுதினதை அவ படிச்சாளா டீச்சர்?"

கண்டக்டர் டீச்சரைக் கெஞ்சும் பார்வை பார்த்தார்.

"படிக்கலைப்பா," என்றார் டீச்சர். "நீங்க அனுப்புறதுக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க. அது இன்னும் பிரிக்காமத்தான் இருக்கு. உங்க மேல கோவத்துல அவங்க எதையும் நிறுத்தலை. எழுத முடியாமப் போச்சு, அவ்வளவுதான்."

அவர் கேட்டுக்கொண்டார். நிறுத்தாதது சரி, கோபத்தோடுதானே போயிருப்பாள், நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதானே போயிருப்பாள் என்றார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. அதற்கு விடை டீச்சரிடம் இல்லை. அஞ்சல் பெட்டியிலும் இல்லை.

"மாமா, அந்தப் படத்துல என்னதான் இருந்துச்சு?"

வடிவமைப்பாளர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வாழ்க்கை முழுக்கப் படம் செய்தவருக்கு ஒரு படத்தைச் சொல்லத் தெரியவில்லை. சுற்றிக் கறுப்புக் கரை என்றார். கீழே பேர் இருக்கு, தேதி இருக்கு, இடம் இருக்கு என்றார். நடுவில் அவளுடைய போட்டோ.

"எந்த போட்டோ?"

"அதான், தளத்துல எப்பவும் இருக்கிறது. 'என்னைப் பற்றி' பக்கத்துல போட்டிருப்பாளே."

அந்தப் பக்கத்தில் படத்துக்குப் பின்னால் 'நான்' என்று மட்டும்தான் எழுதியிருந்தாள் என்றார் தட்டச்சுக்காரர். எந்த நான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வடிவமைப்பாளர் திரையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். "நல்ல போட்டோன்னு சொல்ல முடியாது மாப்ள. ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. நெத்திக்கு மேல வெட்டுப்பட்டிருக்கு. தொழில் பண்றவ, புதுசா வர்றவங்க முதல்ல முகத்தைத்தான் பார்ப்பாங்க, ஸ்டூடியோவுல எடுத்ததைப் போடுன்னு தலைகீழா நின்னு பார்த்தேன். நாலஞ்சு எடுத்தும் வச்சிருக்கோம். எட்டு வருஷமா இதை மாத்த விடலை. நீ சண்டை போட்டுட்டுப் போன வாரம் தளத்தைக் கொஞ்சம் புதுப்பிச்சேன். அப்பவும் போட்டோவை மாத்தவான்னு கேட்டேன். அது அங்கயேதான் இருக்கும், கையை எடுங்கன்னா. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டா. எடுத்தவனோட விரல் வேற மேல் மூலையில மறைச்சிருக்கு."

தட்டச்சுக்காரரின் இடது கை மேசை விளிம்பில் இருந்தது. அதை மெல்லத் தூக்கினார். ஆட்காட்டி விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அது என் விரல் மாமா," என்றார். "நான்தான் எடுத்தேன். நான் எடுத்த ஒரே போட்டோ அதுதான். எந்தப் பக்கம் நிக்கிறேன்னு அவ பேசிக்கிட்டே இருந்தா, குரலைப் பார்த்து எடுத்தேன். விரல் விழுந்திருக்குன்னு அப்பவே சொன்னா."

கண்டக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா," என்றார் வடிவமைப்பாளர். "வாய் நிறையச் சிரிக்கிறா. கேமராவைப் பார்க்கலை. கொஞ்சம் மேல பார்க்கிறா."

எடுத்தவனைப் பார்க்கிறாள் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அதையும் சொன்னார்.

தட்டச்சுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, இன்னொரு தடவை சொல்லுங்க மாமா என்றார். வடிவமைப்பாளர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார்.